விடு எண்டு கத்தினது நான்தான்

தம்பி தமிழோ? முகத்தைப் பாக்கவே தெரிஞ்சுது. இதில இருங்கோ, உங்கட பையை என்ர மடியில வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை பலெர்மோ பஸ் இப்பிடித்தான், ஒண்டு போனால் அடுத்தது எப்ப வரும் எண்டு டிரைவருக்கும் தெரியாது. ஊரில எந்த இடம்? நெல்லியடியே? நான் உரும்பிராய். இஞ்ச வந்து கனகாலம், தலையில மயிர் இருக்கேக்க வந்தனான்.

எங்க போறீங்கள், கடல் பாக்கவோ? கடல் எங்கயும் ஓடாது, தம்பி. நாளைக்கும் நிக்கும். நான் உங்களிட்ட ஒரு உதவி கேக்கப்போறன். இப்ப இல்லை, இறங்கேக்க. முதல் விசயத்தைச் சொல்லவேணும், இல்லாட்டி விசரன் எண்டு நினைப்பீங்கள்.

இண்டைக்கு என்ர மகள் நிதர்சனா கடைசியா விளையாடுறாள். புட்போல். ஓம், பெம்பிளைப் பிள்ளையளின்ர புட்போல்தான். இந்த ஊரில பிறந்த பிள்ளை, இத்தாலிக்காரியாத்தான் விளையாடுறவள். வடக்கால பெரிய கழகங்களில விளையாடி, டீவியில எல்லாம் காட்டி, இப்ப திரும்ப எங்கட பலெர்மோவுக்கே வந்து, இஞ்சத்தைக் கழகத்தில நிண்டு, இண்டையோட சப்பாத்தைக் கழட்டப்போறாள். பின்னேரம் ஆட்டம். என்ர சட்டைப் பையுக்குள்ள டிக்கெட் இருக்கு. ஆனால் நான் உள்ள போக ஏலாது.

ஏன் எண்டு கேளுங்கோ. அவளின்ர விளையாட்டைக் கெடுத்தது நான். ஒரு சொல்லுச் சொல்லிக் கெடுத்தனான். இதை ஆருக்குச் சொன்னாலும் நம்புகினமில்லை, அதுதான் எனக்குக் கோவம். என்ர மனுசி, அவளின்ர தாய், இல்லை எண்டுறா. கோயில் ஐயர் இல்லை எண்டுறார். மகளே இல்லை எண்டுறாள். ஒரு மனுசன் தான் செய்த பாவத்தைத் தான் செய்தது எண்டு சொல்ல, இத்தினை பேர் சேந்து நிண்டு மறிக்கிறதை நீங்கள் எங்கயாவது கண்டிருக்கிறீங்களே?

முதலில இருந்து சொல்லுறன், பஸ் எப்பிடியும் ஊர்ந்துதான் போகும். நாங்கள் அப்ப இருந்த வீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன முற்றம், கல்லுப் பதிச்சது. அதில பெடியள் பந்து அடிப்பாங்கள். இவளும் போய் நிண்டிடுவாள். பெட்டைதானே, ஓடமாட்டாள், சும்மா நிக்கட்டும் எண்டு அவங்கள் இவளைப் பின்னுக்கு நிப்பாட்டினாங்கள். இவள் நிண்டாள். நிண்ட இடத்தைத் தாண்டி ஒருத்தனும் போகேல்ல. முழங்கால் எல்லாம் தோல் உரிஞ்சு வருவாள். மனுசி மஞ்சள் பூசுவா, நான் ஏசுவன். கறுத்துப்போனாய், காலெல்லாம் தழும்பு, உன்னை ஆர் கட்டுறது எண்டு கேப்பன். அப்ப எல்லாத் தகப்பன்மாரும் அதைத்தானே கேட்டவை.

எங்கட தெருச் சேர்ச்சில ஒரு பாதிரியார், தொன் கலோஜெரோ எண்டு. அவர்தான் வீடு தேடி வந்து, இந்தப் பிள்ளையை ஒரு கழகத்தில சேக்கவேணும் எண்டு சொன்னவர். நான் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. தேத்தண்ணி குடுத்து அனுப்பினன். அடுத்த நாளே மனுசி போய்க் கையெழுத்து வைச்சிட்டா. நான் தடுத்தனானே? தடுக்கேல்ல. அந்தக் காலத்தில காற்சட்டையோட மகள் ஓடுறதை எத்தினை தகப்பன்மார் பாத்துக்கொண்டு இருந்தவை? இதை நான் பெரிசாச் சொல்ல வரேல்ல. சும்மா சொல்லுறன்.

என்ர வேலை ஒரு அப்புக்காத்து வீட்டில. எங்கட ஊரில வழக்குப் பேசுறவரைச் சொல்லுற அதே அப்புக்காத்துத்தான், இவையளும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் சொல்லுறவை. இந்தப் பாஷையில எனக்கு முதல் விளங்கின சொல்லே அதுதான். அங்க சமையல், மேசை போடுறது, கழுவுறது எல்லாம் நான். என்ர பேர் நாகேந்திரம். இவையள் எழுத்துக்கூட்டி வாசிச்சால் அது நாஜெந்திரம் எண்டு வரும். வீட்டில அதையும் சுருக்கி நாஜே. உள்ளுக்கிருந்து ‘நாஜே’ எண்டு ஒரு சத்தம் கேட்டால், கையில என்ன இருந்தாலும் வைச்சிட்டு, வாறன் எண்டு ஓடுவன். ஒருநாளும் ரெண்டாந்தரம் கூப்பிட வைச்சதில்லை. அதில எனக்கு நல்ல பேர்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவையளுக்குப் பெரிய சாப்பாடு. பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள் எல்லாம் வந்து குவிவினம். புட்போலும் ஞாயிற்றுக்கிழமைதான். நான் என்ன செய்யிறது? மனுசி தன்ர வேலைவீட்டுக்காரியோட சண்டை பிடிச்சு ஞாயிறு லீவு வாங்கிப்போட்டா. எல்லாராலயும் சண்டை பிடிக்க ஏலுமே, தம்பி? நான் கொஞ்சம் தன்மையான ஆள்.

பள்ளிக்கூடம் முடிக்கிற வயசில வடக்கால ஒரு கழகம் கூப்பிட்டுது, போயிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் பொழுதுபட போன் எடுப்பாள். நான் முதல் கேக்கிறது கோல் அடிச்சியோ எண்டுதான். ‘நான் பின்னுக்கு அப்பா, மறிக்கிற ஆள்’ எண்டுவாள். அடுத்த கிழமையும் கேப்பன், கோல் அடிச்சியோ எண்டு. இல்லையப்பா எண்டுவாள். கவலைப்படாதை, அடுத்தமுறை அடிப்பாய் எண்டு ஆறுதல் சொல்லுவன். சிரிப்பாள். பிறகு பிறகு, எடுத்த கையோட, போனை அம்மாட்டக் குடுங்கோ எண்டு சொல்லத் தொடங்கினாள். பெம்பிளைப் பிள்ளையள் தாயோடதானே கதைக்கிறது.

மறிக்கிற ஆள் எண்டால் என்ன எண்டு உண்மையா எனக்கு அப்ப விளங்கேல்ல. கோல் அடிச்சால் பேப்பரில போடுவான். விழாத கோலை ஆர் பேப்பரில போடுறது? எங்கட தமிழ்ச் சங்கத்தில ஆரும், உங்கட மகள் எத்தினை கோல் எண்டு கேட்டால் எனக்கு வெக்கமா இருக்கும். அடிப்பாள், அடிப்பாள் எண்டிட்டு வேற கதைக்குப் போயிடுவன்.

ஆனால் கெட்டிக்காரி. பதினெட்டு வயசு வந்து இத்தாலிப் பிரசை ஆன உடன, இந்த நாட்டின்ர இளம் அணிக்குக் கூப்பிட்டுட்டினம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கையை நெஞ்சில வைச்சு, இவையளின்ர தேசியகீதம் பாடிக்கொண்டு நிக்கிறாள். டீவியில காட்டினவை. அப்புக்காத்து வீட்டு ஆக்கள் என்னையும் கூப்பிட்டு முன்னுக்கு நிப்பாட்டி வைச்சுக் கை தட்டிச்சினம். அப்புக்காத்து தன்ர கையால எனக்கு ஒரு கிளாஸ் வைன் ஊத்தித் தந்தார். அண்டைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமே. பிறகு கோப்பி கேட்டினம், அத்தினை பேருக்கும் போட்டுக்கொண்டு வர ஆட்டம் முடிஞ்சிட்டுது.

எனக்கும் அவளில்லாமல் ஏலாது, அதையும் சொல்லவேணும். என்ர இத்தாலியன் குசினி இத்தாலியன். உப்பு, எண்ணெய், கரண்டி, அதுக்கங்கால ஒண்டும் வராது. விசா அலுவலகம், ஆஸ்பத்திரி எண்டால் அவளுக்குப் போன் அடிச்சு, இந்தா இவரோட கதை எண்டு கவுண்டரில இருக்கிறவனிட்டக் குடுத்திடுவன். பயிற்சிக்கு நடுவில எண்டாலும் கோட்டுக்கு வெளியால ஓடிவந்து கதைப்பாள். பின்னால விசில் ஊதுறது கேக்கும், ஆரோ அவளைப் பேர் சொல்லிக் கத்துறது கேக்கும். கெதியாச் சொல்லுங்கோ அப்பா எண்டுவாள். ஒருநாளும் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா எண்டு எத்தினை தரம் கேட்டவள். வாறன் எண்டுதான் நானும் சொல்லுறது. ஒருக்கா போக வெளிக்கிட, அப்புக்காத்தின்ர பேரனுக்கு ஞானஸ்நானம் வந்திட்டுது. இன்னொருக்கா என்னவோ, மறந்துபோனன். என்னவோ ஒண்டு இருந்தது.

இனித்தான் விசயத்துக்கு வாறன். ஒரு வருசம் அவளின்ர கழகம் கீழ் வகுப்புக்கு இறங்கிற நிலைமையில நிண்டுது. கடைசி ஆட்டம். ஒருத்தரும் கோல் அடிக்காமல் முடிஞ்சாலே காணும், தப்பிடுவினம். மனுசி போறதெண்டு வெளிக்கிட்டு நிண்டவ, காய்ச்சலில விழுந்திட்டா. அதே ஞாயிறு அப்புக்காத்து குடும்பம் ஒரு கலியாணத்துக்கு வெளியூர் போயிட்டினம். நான் வீட்டில சும்மா இருக்கிறன். சும்மாதானே இருக்கிறீங்கள், நீங்கள் போங்கோவன் எண்டா மனுசி. பிள்ளைக்குச் சொல்லிவிடுறன் எண்டா. நான்தான் சொல்லாதை எண்டன். திடீரெண்டு கண்டு சந்தோசப்படட்டும் எண்டு நினைச்சன்.

விடிய பிளேனில போய் இறங்கினால், அங்க சரியான மழை. நான் போய் மேல ஒரு கதிரையில, இந்தக் கோட்டும் இந்தத் தொப்பியும்தான், ஒடுங்கிக்கொண்டு இருந்தன். பிள்ளையள் வெளிய வருகினம். என்னைச் சுத்தியிருந்த சனமெல்லாம் ஒரேயடியா ‘நாஜே, நாஜே’ எண்டு கத்துது. நான் வாறன் எண்டு எழும்பிட்டன். உண்மையாத் தம்பி, எழும்பி நிண்டு, ஆர் கூப்பிட்டது எண்டு சுத்திவரப் பாக்கிறன். பின்னால இருந்தவன் மறைக்குது இரு எண்டு ஏசினான். அப்பத்தான் கீழ பாத்தன். அவளின்ர முதுகில என்ர பேர். எங்கட ஆக்களுக்குத் தகப்பன்ர பேர்தானே கடைசிப் பேர். தோளில இருந்து தோள் மட்டும் பெரிய எழுத்தில நாகேந்திரம். அத்தினை வருசமா அதைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறாள். டீவியில பாத்தனான்தான், ஆனால் டீவியில எழுத்துச் சின்னன்.

மறிக்கிறது எண்டால் என்ன எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. அவள் கனக்க ஓடேல்ல. நான் மேசையில கோப்பை கரண்டி ஒழுங்குபடுத்துறது போல, கையைக் காட்டிக் காட்டித் தன்ர ஆக்களை நிப்பாட்டினாள். நீ இஞ்சால வா, நீ அங்கால போ. பந்து வாறதுக்கு முதலே அது வாற இடத்தில போய் நிப்பாள். எதிர்ப்பக்கப் பெட்டையள் வாறதும் திரும்புறதுமா அலுத்துப்போச்சினம். எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது. இதைப் பாக்காமல் இவ்வளவு காலமும் கோல் கோல் எண்டு கேட்டிருக்கிறன் எண்டு ஒரு மாதிரி இருந்தது. சரி, அதை விடுவம்.

இனி முடியப்போகுது. கோல் ஒண்டும் இல்லை. அப்ப ஒரு பந்து நீட்டா வந்து, அவளின்ர பக்கக் கோட்டு ஓரமா உருண்டு போகுது. நான் இளமையில உரும்பிராயில வொலிபோல் விளையாடினனான். வொலிபோலில, பந்து கோட்டுக்கு வெளியால போகப்போகுது எண்டால் பக்கத்தில நிக்கிறவன் ‘விடு’ எண்டு கத்துவான். தொடக்கூடாது, தொட்டால் புள்ளி மற்றவனுக்குப் போயிடும். விடு எண்டால் விடவேணும், அவ்வளவுதான். அந்த நேரம் என்ர வாய் பழைய வாய் ஆயிட்டுது. எழும்பி நிண்டு, விடு பிள்ளை, விடு, விடு எண்டு தொண்டை கிழியக் கத்தினன். அந்த மைதானத்தில தமிழ் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர்தான். கத்தினவன் ஒண்டு, கேட்டவள் ஒண்டு. அவள் விட்டாள்.

பந்து வெளியால போகேல்ல. கோட்டில மழைத்தண்ணி தேங்கி நிண்டுது, அதுக்குள்ள விழுந்து அப்பிடியே நிண்டிட்டுது. எதிர்ப்பக்கப் பெட்டை ஓடிவந்து எடுத்தாள். இவள் திரும்பிப் பாய்ஞ்சாள். முழங்கால் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கோல் விழுந்திட்டுது.

சனம் எப்பிடி ஏசினது தெரியுமே? என்ர பேரைச் சொல்லித்தான் ஏசினது. நாஜெந்திரம் அப்பிடி, நாஜெந்திரம் இப்பிடி, உங்களுக்குச் சொல்லேலாத பேச்சு. நான் அவங்களுக்கு நடுவில நிக்கிறன். சரியான ஆளைத்தான் ஏசுறாங்கள் எண்டு நினைச்சன்.

ஆஸ்பத்திரியில கட்டிலில காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள். என்னைக் கண்டவுடன திகைச்சுப்போனாள். அப்பா, நீங்கள் எப்ப வந்தனீங்கள், உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறாள். பாத்தீங்களே? நான் மேல நிண்டு அந்தக் கத்துக் கத்தியிருக்கிறன், அவள் என்னைக் காணாத மாதிரி நடிக்கிறாள், நான் மனவருத்தப்படக்கூடாது எண்டு. அப்பிடி ஒரு பிள்ளை. நான் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு அழுதன்.

‘நான்தான் பிள்ளை விடு எண்டு கத்தினனான்.’

‘எனக்குக் கேக்கேல்ல அப்பா. பந்து போகும் எண்டு நான்தான் நினைச்சனான். நான்தான் விட்டனான்.’

‘இல்லை, நீ கேட்டனீ.’

‘நான் உங்கட சத்தத்தை ஒரு மைதானத்திலயும் கேட்டதில்லை அப்பா. கேட்டிருந்தாலும், அது உங்கட சத்தம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?’

அவ்வளவு நோவுக்குள்ளயும் எனக்காக ஒரு கதையைக் கட்டுறாள். நான் நம்பேல்ல. அண்டையில இருந்து வீட்டில அந்தச் சொல்லைச் சொல்லுறதுக்கே எனக்குப் பயம். சோத்துக்குத் தண்ணி விடு எண்டு சொல்லமாட்டன், ஊத்து எண்டுதான் சொல்லுவன்.

ஆனால் நான் மறைக்கிற ஆள் இல்லை. திரும்பி வந்து எல்லாருக்கும் சொன்னன். கோயிலில சொன்னன், சாமான் கடையில சொன்னன். ஒரு பிறந்தநாள் விழாவில மைக்கைத் தந்தாங்கள், அதிலயும் சொன்னன். அப்புக்காத்துக்குத் தெரிஞ்ச பேப்பர்க்காரன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கும் சொல்லுவிச்சன், படத்தோட போட்டான். என்ர படம். இப்ப எங்கட ஆக்கள் அவளைக் கண்டால், எங்க விளையாடினனீ, எத்தினை வருசம் எண்டு கேக்கிறதில்லை. தகப்பன் விடு எண்டு கத்தின பிள்ளை நீதானே எண்டுதான் கேப்பினம். அப்பிடி எண்டாலும் அவளில பிழை இல்லை எண்டு ஊருக்குத் தெரிஞ்சுதே.

அந்தப் பேப்பர் வந்த அண்டைக்குத்தான் அவள் முதல் தரம் என்னோட குரலை உயர்த்தினது. கால் சுகமாகுமட்டும் எங்களோட வந்து இருந்தவள், ஊன்றுகோலோட வீட்டுக் குசினிக்குள்ள வந்து நிண்டாள்.

‘அப்பா, இத்தினை வருசமா நான் மறிச்ச பந்து ஒண்டும் ஆருக்கும் தெரியாது. நான் விட்ட ஒரு பந்துதான் தெரியும். இப்ப அதுவும் என்ர இல்லை, உங்கட. அது என்ர பிழை. அதையெண்டாலும் எனக்கு விடுங்கோ.’

கேட்டீங்களே, தம்பி? என்ர பாரத்தைத் தான் சுமக்கிறதெண்டு நிக்கிறாள். எந்தத் தகப்பன் அதுக்கு ஓம் எண்டுவான்? ஏலாது பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன்.

இனி விளையாட ஏலாது எண்டு டொக்டர்மார் சொல்லிச்சினம். நான் ரொசாலியா அம்மாவிட்டப் போனன். அந்த மலை தெரியுதோ, வீடுகளுக்கு மேலால? அதில இருக்கிறவ. நான் சைவக்காரன்தான், ஆனால் இந்த ஊரைக் காக்கிறவ அவதானே. எங்கட ஆக்கள் சைவம் கிறிஸ்தவம் எண்டில்லை, எல்லாரும் ஏறுறவை. வெறுங்காலோட ஏறி நேத்திக்கடன் வைச்சன். பிள்ளையின்ர கால் சுகமாகவேணும், அவள் திரும்ப விளையாடவேணும். அப்பிடி நடந்தால் நான் சாகுமட்டும் மைதானத்து வாசல் மிதிக்கமாட்டன், அவளின்ர ஆட்டத்தைக் கண்ணால பாக்கமாட்டன். விருப்பமான ஒண்டைத்தானே நேத்திக்கு விடவேணும். சாராயம் நான் குடிக்கிறதில்லை. வேற என்னட்ட என்ன இருக்கு?

மனுசியிட்டச் சொன்னன். அவ கையில இருந்த அகப்பையைக் கீழ வைச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. ‘நீங்கள் எப்ப போனனீங்கள், இப்ப விடுறதுக்கு?’ எண்டா. ஒருக்கா போனனான்தானே. கோவத்தில அதை மறந்திட்டா.

அம்மா கைவிடேல்ல. கால் சுகமாச்சு. முந்தின வேகம் இல்லை, பெரிய கழகங்கள் எடுக்கேல்ல, வீட்டை திரும்பி வந்து இஞ்ச விளையாடத் தொடங்கினாள். வீட்டுக்கும் மைதானத்துக்கும் இந்த ஒரு பஸ்தான். அப்புக்காத்துக்கும் வயசு போய், பிள்ளையள் வெளியூரில, இப்ப ஞாயிற்றில எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் நேத்தி நேத்திதானே.

உங்களுக்கு ஒண்டு சொல்லுறன், இது வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும், மலைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு இந்த பஸ்ஸிலதான் வாறன். மைதானத்துக்கு முன்னால ஒரு கோப்பிக்கடை இருக்கு. அங்கால தெருப்பக்கம் நிண்டு கேப்பன். நாஜே எண்டு சனம் கத்தினால், அவள் ஒரு பந்தை மறிச்சிட்டாள் எண்டு அர்த்தம். உள்ள இருக்கிறவை ஆட்டம் பாப்பினம், நான் என்ர பேரைக் கேட்டுக்கொண்டு நிப்பன். முடியிறதுக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை போயிடுவன். அவள் வரேக்க நான் டீவிக்கு முன்னால இருப்பன். சேத்துச் சப்பாத்தை வாசலில கழட்டிப்போட்டு, வெண்டிட்டம் அப்பா எண்டுவாள். கோல் அடிச்சியோ எண்டு கேப்பன். பகிடிக்குத்தான். இப்ப அவள் அதுக்குச் சிரிக்கிறதில்லை.

இண்டைக்குக் காலமை ரெண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில வைச்சாள். பக்கத்துப் பக்கத்துக் கதிரை, தாய்க்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. என்ர பேரிலதான் எடுத்தவளாம். பிறகு எனக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

‘இண்டைக்கு வாங்கோ அப்பா. வந்து என்ன வேணுமெண்டாலும் கத்துங்கோ. விடு எண்டு கத்துங்கோ. நான் கேக்கிறன்.’

நான் நேத்தியைச் சொன்னன். ‘ரொசாலியா அம்மாவோட நான் கதைக்கிறன்’ எண்டாள். எனக்காக எல்லா அலுவலகத்திலயும் கதைச்ச பிள்ளைதானே, அந்தப் பழக்கத்தில சொல்லுறாள். தொன் கலோஜெரோவும் அம்மா மன்னிப்பா எண்டுறார். ஐயர், ஒரு அருச்சினையோட மாத்தலாம் எண்டுறார். எல்லாரும் எனக்கு லேசான வழிதான் காட்டுகினம். லேசான வழியால போற ஆள் நானில்லை. நேத்தி நேத்திதான் பிள்ளை எண்டன். அவள் ‘விடுங்கோ’ எண்டிட்டு எழும்பித் தாயையும் கூட்டிக்கொண்டு போயிட்டாள்.

இந்த முறை நான் வடிவாக் கேட்டனான், தம்பி. விடுங்கோ எண்டாள். எதை விடச்சொன்னவள் எண்டுதான் பஸ் ஏறினதில இருந்து யோசிச்சுக்கொண்டு வாறன். நேத்தியை விடச்சொன்னவளோ, வாறதை விடச்சொன்னவளோ. ஒரே சொல்லுத்தான். ஒண்டைப் பிழையா விளங்கிப் பட்டது காணாதே?

இறங்குவம், இதுதான் இடம். பாத்து, படி உயரம். உங்கட முகத்தைப் பாக்க விளங்குது, நீங்களும் உள்ள போகச் சொல்லித்தான் சொல்லப்போறீங்கள். வேண்டாம். நான் கேட்ட உதவி வேற.

இந்தாங்கோ டிக்கெட். இந்தக் கோட்டைப் போடுங்கோ. தொப்பியும். கொஞ்சம் பெரிசுதான், பரவாயில்லை. இடக்கைப் பக்கம் மேல போனால் சாம்பல் சீலையும் கறுத்தக் கோட்டுமா ஒரு மனுசி இருப்பா. பக்கத்துக் கதிரையில தன்ர கைப்பையை வைச்சிருப்பா, ஒருத்தரையும் இருக்க விடமாட்டா. டிக்கெட்டைக் காட்டி, நாகேந்திரம் அனுப்பினது எண்டு சொல்லுங்கோ. ஏசுவா. என்னைத்தான் ஏசுறா எண்டு நினைச்சுப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஆட்டம் தொடங்க முதல் அவள் ஒருக்கா அந்தப் பக்கம் நிமிந்து பாப்பாள். எப்பவும் பாக்கிறவளாம், மனுசி சொல்லிக் கேள்வி. அந்தக் கதிரை வெறுமையா இருக்கக்கூடாது, தம்பி. அவ்வளவு தூரத்துக்கு ஆர் எண்டு தெரியாது, கோட்டையும் தொப்பியையும்தான் தெரியும். கையைத் தூக்கிக் காட்டுங்கோ, காணும். ஆனால் என்ன நடந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம்.

கேக்குதோ? பிள்ளையள் வெளிய வந்திட்டினம் போல. நாஜே, நாஜே எண்டு அவ்வளவு சனமும். இந்தச் சத்தம் கேட்டால் என்ர கால் நிக்காது, தம்பி, பழகின கால். வாறன் எண்டு வாய்க்கு வருது. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இந்தக் கடை வாசலில நிப்பன். என்னால அவளுக்குச் செய்யக்கூடியது இது ஒண்டுதான்.

ஏன் நிக்கிறீங்கள்? ஓடுங்கோ, தம்பி. கூப்பிடுகினம்.